விவசாயி இரண்டு

உக்காருங்கக்கா, மூணு பேரும் தாராளமா உக்காரலாம். பையைக் காலடியிலயே வைங்க, எனக்கு இடைஞ்சல் இல்ல. தங்கச்சி ஜன்னல் பக்கம் போகட்டும், காத்து வரும். கோயமுத்தூரா? நான் காங்கேயத்துல எறங்கிருவேன். அங்கேருந்து திருப்பூரு. எங்க அப்பாவைப் பாக்கப் போறேன்.

சொந்த ஊரு திருப்பூரு இல்லக்கா. எங்களுக்குப் பேராவூரணிப் பக்கம். எங்க சித்தப்பாதான் அப்பாவை அங்க வச்சிருக்காரு. அனுப்ப மாட்டேங்குறாரு. கூடப் பொறந்த அண்ணனை ஒரு பனியன் கம்பெனி வாசல்ல வாட்ச்மேனா உக்கார வச்சிருக்காருக்கா. தென்னந்தோப்பு வச்சிருந்த மனுசன். தோப்புக்காரரு நாடிமுத்துன்னாதான் எங்க ஊருல தெரியும். இப்ப காக்கிச் சட்டை போட்டுக்கிட்டு லாரி வந்தா கேட்டைத் தெறந்து விடுறாரு. யாருகிட்டச் சொல்லி அழுவுறது? நான் அழமாட்டேன், அது வேற விசயம். சும்மா பேச்சுக்குச் சொல்றேன்.

தங்கச்சி எதுக்குப் போகுது, ஃபைலெல்லாம் வச்சிருக்கே? எம்மெஸ்ஸியா? தோட்டக்கலையா? அட, நானும் அதேதான்க்கா. எம்மெஸ்ஸி முடிச்சு இப்ப பிஎச்டி சேந்திருக்கேன். அஞ்சுகம்னு பேரு. உங்களுக்குப் பெரம்பலூரு பக்கமா? சரி சரி.

பொம்பளைப் பிள்ளைக்கு ஒத்து வருமான்னா, தாராளமா வரும். என் வகுப்புல பாதிக்கு மேல பொண்ணுங்கதான். வெயில்ல நிக்கணும், அவ்வளவுதான். மொதல் வருசம் பாடம் நடத்துவாங்க. ரெண்டாம் வருசம் தீசிஸ். ஒரு பேராசிரியர் கைடா இருந்து பாத்துப்பாங்க. எனக்குச் சுகிர்தா மேடம். நாகர்கோயில்காரங்க, தங்கமான மனுசி. தென்னைக்கு இடையில கோகோ வச்சா எந்த அளவு நெழல்ல நல்லா வருதுங்கறதுதான் என் தலைப்பு. காலேஜ் பண்ணையிலயே எனக்குன்னு ஒரு பாத்தி ஒதுக்கிக் குடுத்துட்டாங்க. கன்னு நட்டு அப்பத்தான் ரெண்டாவது எலை விட்டிருந்துச்சு, ஊருல புயல் அடிச்சிருச்சு.

டிவியில பாத்திருப்பீங்க. அதேதான். எங்க பக்கம் தென்னையே இல்லாமப் போன அந்தப் புயல்தான்.

காலேஜ் இருந்த ஊருல ஒரு தூத்தல்கூட இல்லக்கா. வெயில் அடிக்குது. வீட்டுக்குப் போன் போட்டா போகலை. அதுக்கப்புறமும் போகலை. கெளம்பிப் போனேன். பட்டுக்கோட்டை வரைக்கும் பஸ் ஓடுச்சு. அதுக்கு மேல ரோட்டுல மரம், மரத்து மேல கரண்டுக் கம்பம். ஏறிக் குதிச்சு ஏறிக் குதிச்சு நடந்தேன். வீட்டுக்குப் போனா ஓடெல்லாம் பறந்து போயி, அம்மா வெட்டவெளியில மூணு கல்லை வச்சு கஞ்சி காய்ச்சுது. அப்பா வாசல்ல விழுந்து கெடந்த மரத்து மேல உக்காந்திருந்தாரு.

"வா பாப்பா. சாப்டியா?"ன்னாரு. 

நான் பின்னாடி தோப்புக்குப் போனேன். எங்க தோப்புக்குள்ள நின்னா வானம் தெரியாதுக்கா. அன்னிக்கு இந்த மூலையிலேருந்து அந்த மூலை வரைக்கும் வானம்தான். ஏதோ அடுத்தவங்க ஊருக்குள்ள வந்துட்ட மாதிரி இருந்துச்சு. எனக்கு ஒண்ணும் தோணலை. நெசமாச் சொல்றேன், ஒண்ணுமே தோணலை. அம்மா பின்னாடியே வந்து என் முதுகுல கையை வச்சு, "அழுதுருடி"ங்குது. எதுக்கு அழணும்? நான் பாத்துக்கிட்டே இருந்தேன். எல்லா மரமும் ஒரே பக்கமாத் தலை வச்சு விழுந்திருக்கு. நெட்டை மரமெல்லாம் வேரோட சாஞ்சிருக்கு. ஒட்டு ரகம் பாதியில முறிஞ்சிருக்கு. வரப்போரத்துல மட்டும் ஒண்ணு ரெண்டு அப்படியே நிக்குது. அது ஏன் நின்னுச்சு, இது ஏன் விழுந்துச்சு? போனை எடுத்து எந்தத் திசையில விழுந்திருக்குன்னு ஒவ்வொரு மரமா குறிச்சேன். இருட்டுற வரைக்கும் குறிச்சுக்கிட்டே இருந்தேன். 

டவர் கெடைச்சதும் மேடத்துக்குப் படத்தை அனுப்பினேன். தலைப்பை மாத்திக் குடுத்தது மேடம்தான்க்கா. மொதல்ல வேணாம்னுதான் சொன்னாங்க. "அஞ்சுகம், வீட்டைப் பாரும்மா. கோகோ எங்கயும் ஓடிப் போகாது, ஒரு மாசம் கழிச்சு வா"ன்னாங்க. நான்தான், "மேடம், இதை யாரும் அளக்கப் போறதில்ல. கொஞ்ச நாள்ல எல்லாத்தையும் அறுத்து எடுத்துருவாங்க, அப்புறம் கேட்டாலும் கெடைக்காது"ன்னேன்.  அப்புறம் கமிட்டியில வச்சு, புயல்ல எந்த மரம் விழுது, எது நிக்குதுன்னு தலைப்பை மாத்திக் குடுத்தாங்க. அவங்க மாத்திக் குடுத்ததுனாலதான் எனக்கு இன்னிக்கு இந்தப் பேரு.

அப்பாகிட்டப் போயி, "மரத்தை எடுக்காதீங்கப்பா, என் படிப்புக்கு வேணும்"னேன்.

"எவ்வளவு நாளைக்குப் பாப்பா?"

"கொஞ்ச நாளைக்குத்தான்."

சரின்னுட்டாரு. எங்க அப்பா நான் கேட்டு எதுக்கும் மாட்டேன்னு சொன்னதில்ல.

அப்பாதான் எனக்கு டேப்போட இன்னொரு முனையைப் புடிச்சாரு. வேரைத் தோண்டிக் குடுத்தாரு. அளக்கறப்ப மரத்துக்கு மரம் ஏதாவது சொல்லிக்கிட்டே வருவாரு. "இது எளநிக்குப் போடலாம் பாப்பா, அம்புட்டு இனிக்கும். இது காய் சிறுசு, ஆனா பருப்பு கனம். இது கோவக்கார மரம், நாலு வருசம் காய்க்காம வச்சிருந்து அஞ்சாவது வருசம் கொட்டும்." விழுந்து கெடக்கற மரத்தைப் பாத்து இனிக்கும் கொட்டும்ங்கறாரு. நான் தலையாட்டிக்கிட்டே சுத்தளவு எழுதுவேன். அவர் சொல்றதை எழுத அதுல எடம் கெடையாதுக்கா.

எங்க தோப்புக்கும் சித்தப்பா தோப்புக்கும் நடுவுல ஒரு வரப்புதான். அவருக்கு வீரையன்னு பேரு. சித்தப்பா அவசரக்காரரு. புயல் அடிச்ச சூட்டோட ரம்பம் போடுற மெசின் வச்சு எல்லாத்தையும் அறுத்து, செங்கச் சூளைக்கு ஏத்திவிட்டு, பொங்கல் கழிஞ்சதும் புதுசா தென்னம்பிள்ளை நட்டுட்டாரு. மோட்டார் போயிருச்சு, கரண்டும் இல்ல. சித்தி குடத்துலயே தண்ணி கொண்டாந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ஊத்துச்சு. வரப்புக்கு அந்தப் பக்கம் பச்சை, இந்தப் பக்கம் எங்க மரமெல்லாம் கெடந்தபடி கெடக்கு.

சித்தப்பா ஒருநாள் வந்து வரப்பு மேல நின்னாரு.

"அண்ணே, எப்பண்ணே எடுக்கப் போறே? மரம் மக்க ஆரம்பிச்சுருச்சு. வண்டு ஏறிரும்ணே."

அப்பா சொன்னாரு, "பாப்பா படிப்புக்கு வேணுமாம்டா. கொஞ்ச நாளுதான்."

சித்தப்பா என்னைப் பாத்தாரு. "என்ன ஆத்தா, வண்டு வராதா?"

"வராமப் பாத்துக்கலாம் சித்தப்பா"ன்னேன்.

வண்டுன்னா காண்டாமிருக வண்டுக்கா. தங்கச்சிக்குப் பாடத்துல வரும். மூஞ்சியில கொம்பு இருக்கும். மக்கின தென்னை மரத்துலதான் முட்டை வைக்கும், புழு அதுக்குள்ளேயே கெடந்து வளரும். வண்டா ஆனதும் பறந்து போயி பக்கத்துல இருக்கற தென்னையோட குருத்தைக் குடையும். பெரிய மரமா இருந்தா தாங்கும். சின்னப் பிள்ளையா இருந்தா தாங்காது. மொதல் வருசம் நான் செமினார் எடுத்ததே அதைப் பத்தித்தான். நல்லாப் பேசினேன்னு கை தட்டினாங்க. அதனால எனக்குத் தெரியாம ஒண்ணும் இல்ல, அத்தனையும் தெரியும்.

தெருத்தெருவா ஆட்டோவுல மைக் கட்டிச் சொல்லிக்கிட்டுப் போனாங்க, விழுந்த மரத்தை அப்புறப்படுத்துங்கன்னு. எங்க வீட்டுக்கு வந்த விவசாய ஆபீசரு எங்க காலேஜ் சீனியரு. "அஞ்சுகம், உனக்கு நான் சொல்லணுமா?"ன்னாரு. ஆராய்ச்சி நடக்குற எடம் சார்னு சொன்னேன். தலையை ஆட்டிட்டுப் போயிட்டாரு.

பேருக்கு நான் ஒண்ணும் செய்யாம இல்லக்கா. இனக்கவர்ச்சிப் பொறின்னு இருக்கு, வாளிக்குள்ள மருந்து வச்சுத் தொங்க விடுறது. வாசனைக்கு வண்டு வந்து வாளியில விழும். அதை வாங்கியாந்து வரப்பு ஓரமாக் கட்டினேன். நடுத்தோப்புல கட்டக்கூடாது, ஓரத்துலதான் கட்டணும்னு புத்தகத்துலயே இருக்கு. எங்க தோப்புக்கு ஓரம்னா சித்தப்பா வரப்புதானே. வாளி நெறைய விழுந்துச்சு. வாளிக்கு வந்ததெல்லாம் வாளியிலேயே விழும்னு சொல்ல முடியாது, சிலது பக்கத்துக் குருத்துக்குப் போயிரும். அதுவும் புத்தகத்துல இருக்கு.

இன்னொண்ணும் சொல்லணும். எல்லா மரத்தையும் வைக்கச் சொல்லி நான் கேக்கலை. அளக்கறதுக்கு நம்பர் தகடு ஒட்டின மரத்தை மட்டும்தான் கேட்டேன். அப்பாதான் ஒண்ணுலயும் கை வைக்கலை. எது எனக்கு வேணும், எது வேணாம்னு அவருக்குத் தெரியலையாம். காலேஜுக்குத் திரும்பி வந்த பிறகு வாரம் தவறாம போன் பண்ணுவாரு.

"பாப்பா, எடுத்துரலாமா?"

"இன்னும் கொஞ்ச நாளுப்பா."

"சரி பாப்பா. சாப்டியா?"

வாரா வாரம் இதுதான் பேச்சு. சாஞ்ச மரத்துல சிலது சாகாம தலையைத் தூக்கப் பாக்குதுக்கா, வேர்ல கொஞ்சம் மண்ணு புடிச்சிருந்தாப் போதும். அது பொழைக்குதா இல்லையான்னு பாக்கணும்னா மாசக்கணக்குல விடணும். தீசிஸ் குடுக்க ஒரு செமஸ்டர் தள்ளி வாங்கினேன். யாரும் செய்யாத வேலைன்னு மேடம் சொன்னாங்க. சொல்றப்ப அவங்க மொகம் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு.

ஆடி மாசம் நான் ஊருக்குப் போயிருந்தப்ப சித்தப்பா வீட்டுக்கு வந்தாரு. கையில ஒரு தென்னம்பிள்ளை, வேரும் மண்ணுமா. ஓலையெல்லாம் கத்திரிக்கோலால வெட்டுன மாதிரி இருக்கு. குருத்தைத் தொட்டா கையோட வருது, நாத்தம் அடிக்குது. கொண்டாந்து அப்பா காலடியில வச்சாரு. தூங்குற பிள்ளையைக் கீழ வைக்கற மாதிரி மெதுவா வச்சாரு. சத்தம் போடுவாருன்னு நான் நெனைச்சேன். போடலை.

"புயல்ல போனதுக்கு யாரையும் சொல்ல முடியாதுண்ணே. இது புயல் இல்லண்ணே"ன்னாரு.

அப்பா அந்தப் பிள்ளையையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அம்மா மோரு கொண்டாந்து குடுத்துச்சு. சித்தப்பா குடிக்காமப் போயிட்டாரு. எங்க வீட்டுல அவரு கை நனைக்காமப் போனது அதுதான் மொதல் தடவை. அதுலேருந்துதான்க்கா பேச்சு நின்னு போச்சு. ஒரு பிள்ளைக்காக யாராவது அண்ணன் தம்பி உறவை விடுவாங்களா? ஒண்ணு இல்ல, அங்க பூராவும்தான் போயிருந்துச்சு. இருந்தாலும் சொல்றேன்.

மறுநாள் சித்தப்பா தோப்புக்குப் போனேன். போகாம எப்படி? பக்கத்துலயே இப்படி ஒரு பாதிப்பு. எந்த வரிசையில எத்தனை போயிருக்கு, எங்க தோப்புலேருந்து எவ்வளவு தூரத்துல போயிருக்குன்னு கணக்கு எடுத்தா தனியா ஒரு அத்தியாயமே வரும். வரப்புலேருந்து தள்ளித் தள்ளிப் போகப் போகப் பாதிப்பு கொறையுதுக்கா. கிராஃப்ல கோடு போட்டா அவ்வளவு ஒழுங்கா எறங்குது. நான் குனிஞ்சு எழுதிக்கிட்டு இருந்தேன், சித்தப்பா வந்து நின்னாரு. குடத்தோட சித்தியும் நின்னுச்சு.

"எண்ணிக்க ஆத்தா, எண்ணிக்க"ன்னாரு. "எம்பேரு வருமா அதுல?"

கிண்டலாக் கேட்டாரோ நெசமாக் கேட்டாரோ தெரியலை. நான் நெசத்தைத்தான் சொன்னேன். "பேரு போடக்கூடாது சித்தப்பா. அப்பா தோப்பு விவசாயி ஒண்ணு. உங்களுது விவசாயி இரண்டு."

சித்தி குடத்தைக் கீழ வச்சிட்டு வீட்டுக்குப் போயிருச்சு. குடத்துல தண்ணி அப்படியே இருந்துச்சு. எந்தப் பிள்ளைக்கு ஊத்துறது?

தீபாவளி முடிஞ்சதும் சித்தப்பா எடத்தை வந்த விலைக்குத் தள்ளிட்டு குடும்பத்தோட திருப்பூருக்குப் போயிட்டாரு. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. பஸ் ஏத்திவிடப் போனவங்க சொல்லித்தான் அப்பாவுக்குத் தெரிஞ்சுச்சு. சைக்கிளை எடுத்துக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனாராம். பஸ் போயிருச்சாம்.

தீசிஸ் குடுத்தேன். வாய்மொழித் தேர்வுக்கு வெளியூருலேருந்து வந்த பேராசிரியர் புரட்டிப் பாத்துட்டு, அஞ்சாவது அத்தியாயம் ரொம்ப அருமைன்னு சொன்னாரு, அந்த வண்டு அத்தியாயம்தான். "பக்கத்துப் பக்கத்துல இப்படி ரெண்டு தோப்பு உங்களுக்கு எப்படிக் கெடைச்சுது, அதிர்ஷ்டம்தான்"னாரு. ஆமா சார்னேன். அந்த வருசத்துச் சிறந்த தீசிஸ்ஸுக்கான பரிசு எனக்குத்தான். கை தட்டினப்ப மேடத்தைப் பாத்தேன். அவங்களும் தட்டினாங்க. எனக்குச் சந்தோசமா இருந்திருக்கணும். ஒண்ணும் தோணலை.

கருப்பு அட்டை போட்டு, தங்க எழுத்துல பேரு அடிச்சு, வீட்டுக்கு ஒண்ணு கொண்டு போனேன். அப்பாவுக்கு இங்கிலீசு வராது. கையைக் கழுவிட்டு வந்து வாங்கினாரு. "நம்ம பேரு எங்க பாப்பா இருக்கு?"ன்னாரு. நன்றி சொல்ற பக்கத்தை எடுத்து அவரு பேரைக் காட்டினேன். வெரலை வச்சுத் தடவிப் பாத்தாரு.

"தம்பி பேரு?"

"அது போடக்கூடாதுப்பா."

"அப்ப தம்பி தோப்பு இதுல இல்லையா?"

"தோப்பு இருக்குப்பா. ஒரு அத்தியாயமே இருக்கு."

மூடிக் குடுத்துட்டாரு. பொங்கல் வரைக்கும் மரத்தையெல்லாம் ஒத்தை ஆளா வெட்டி வெட்டி எரிச்சாரு. நான் ஒட்டின நம்பர் தகடையெல்லாம் கழட்டி ஒரு பையில போட்டு வச்சிருந்தாரு, எனக்கு வேணுமோ என்னமோன்னு. பொங்கல் கழிஞ்சதும், "தம்பியைப் பாத்துட்டு வாரேன்"னு கெளம்பினாரு. இன்னும் வரலைக்கா. அம்மாவும் போயிப் பாத்துட்டுப் பாத்துட்டு வருது. தோப்பு வெறும் பொட்டலாக் கெடக்கு.

நான் ஒரு தடவை போனேன். சித்தப்பா வீட்டுக்குப் போகலை, நேரா கம்பெனி வாசலுக்கே போயிட்டேன். கேட்டுக்குப் பக்கத்துல ஒரு ஸ்டூல்ல உக்காந்திருந்தாரு. சட்டை தொளதொளன்னு இருந்துச்சு. என்னைப் பாத்ததும் எந்திரிச்சாரு. லாரிக்காரங்களுக்கு எந்திரிக்கற மாதிரி எந்திரிச்சாருக்கா.

"வா பாப்பா. சாப்டியா?"

"வீட்டுக்கு வாங்கப்பா"ன்னேன்.

அவரு என் தோள்பையைப் பாத்தாரு. அப்புறம் என் மொகத்தைப் பாத்துக் கேட்டாரு. "என்ன பாப்பா, இங்க ஏதும் அளக்கணுமா?"

கோவமாக் கேக்கலைக்கா. கோவமாக் கேட்டிருந்தா நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன். நெசமாவே கேட்டாரு. ஆமான்னு சொல்லியிருந்தா ஸ்டூலை எடுத்து ஓரமாப் போட்டுட்டு டேப்பைப் புடிச்சிருப்பாரு. நான், "இல்லப்பா, சும்மாதான் வந்தேன்"னேன். "சும்மாவா?"ன்னாரு. அதுக்குள்ள ஒரு வண்டி வந்து ஹாரன் அடிச்சுச்சு. கேட்டைத் தெறக்கப் போயிட்டாரு. நான் நின்னு பாத்துட்டு வந்துட்டேன்.

ஊருக்கு வந்து அம்மாகிட்ட, சித்தப்பா அப்பா மனசைக் கலைச்சுட்டாருன்னு சொன்னேன். அம்மா என்னை ஒரு பார்வை பாத்துச்சு. "உங்க சித்தப்பன் வாரத்துக்கு ஒரு தடவை அவருக்கு பஸ்ஸுக்குச் சில்லறை குடுத்து ஊருக்குப் போண்ணேங்கறான்டி. அவருதான் போகலை"ன்னுச்சு. அதோட விடலை. "அன்னிக்கு நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன், மரத்தை எடுத்துருங்க, தம்பி தோப்பு போயிரும்னு. உங்கப்பா என்ன சொன்னாரு தெரியுமா? அவ வந்ததுலேருந்து ஒரு சொட்டுக் கண்ணீரு விடலை, ஒரு வாய் சோறு திங்கலை. டேப்பை எடுத்தாத்தான் திங்கறா. அளக்கட்டும், கெடந்துட்டுப் போகட்டும் மரம்னாரு."

எனக்கு அது புரியவே இல்லக்கா. நான் எப்பவும் போலத்தான் சாப்பிட்டேன். சாப்பிடாம யாராவது அவ்வளவு வேலை செய்ய முடியுமா? அம்மா எதையாவது கோத்துக் கோத்துச் சொல்லும். நான் நல்லாத்தான் இருந்தேன். இப்பவும் நல்லாத்தான் இருக்கேன். தூக்கம் மட்டும் வரமாட்டேங்குது, அது படிக்கறவங்க எல்லாருக்கும் உள்ளதுதான்.

இன்னிக்கு எதுக்குப் போறேன்னா... சும்மாதான். இந்தத் தடவை சித்தப்பா வீட்டுக்கே போயிரலாம்னு இருக்கேன். போயி என்ன பேசுறதுன்னு தெரியலை. சித்தி தண்ணி குடுத்தா வாங்கிக் குடிக்கணும். குடுக்கலைன்னா கேட்டு வாங்கணும். அதுவரைக்கும்தான் யோசிச்சிருக்கேன்.

வெள்ளக்கோயில் தாண்டிட்டமா? அப்ப வந்துருச்சு. பையைக் கொஞ்சம் நகத்துங்கக்கா, எந்திரிக்கறேன். நீங்க பயப்படாமச் சேத்து விடுங்க. நல்ல படிப்புக்கா.

என்ன தங்கச்சி, இவ்வளவு நேரம் தூங்கிட்டு இப்ப முழிச்சுட்டியா? ஏதோ கேக்க வர்ற மாதிரி பாக்கறே, கேளு. தீசிஸ்ஸுக்குத் தலைப்பு நாமளே எடுத்துக்கலாமான்னா? எடுத்துக்கலாமே. நீயா யோசிச்சு ஒண்ணு வச்சுக்க, கைடு சரின்னா போதும். ஆனா ஒண்ணு, உங்க ஊருல எடுக்காதே. வேற எங்க வேணாலும் எடு.

ஏனா?

போயிட்டுப் போயிட்டு வரணும்ல. அலைச்சல்ம்மா.